விழுந்து முளைக்காத பல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகள் திறந்து, பிள்ளைகளுக்கான மருத்துவப் பரிசோதனைகள் தொடங்கவிருக்கும் இந்த நாட்களில், பெற்றோரும் ஆசிரியர்களும் சுகாதாரத் துறையினரும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய ஒரு பல்லைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். அரசு மருத்துவமனைகளில் 28 ஆண்டுகள் பல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் பிடுங்கிய பற்களில் எதை நினைத்து இன்றும் வருந்துகிறேன் என்று கேட்டால், ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப் பல்லைத்தான் தயங்காமல் சொல்வேன்.

பால் பல் விழுந்து, அந்த இடத்தில் நிலையான பல் முளைக்கும் என்பது எல்லா வீடுகளிலும் தெரிந்த செய்தி. ஆனால் இந்தப் பல் எந்தப் பல்லின் இடத்திலும் முளைப்பதில்லை. குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பற்கள் ஓசையில்லாமல் வந்துவிடுகின்றன. அதற்கு முன் எந்தப் பல்லும் ஆடுவதில்லை, விழுவதில்லை. குழந்தையும் வந்து காட்டுவதில்லை. ஆகவே வீட்டில் உள்ளவர்கள் அதையும் பால் பற்களில் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். சொத்தை விழுந்தாலும், எப்படியும் விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள்.

“அது பால் பல்லுதானே சார், விழுந்து முளைச்சிரும்ல?” என்று பன்னிரண்டு வயது மகளின் வீங்கிய கன்னத்தைக் காட்டிக் கேட்ட ஒரு தாயை என்னால் மறக்க முடியவில்லை. அந்தச் சிறுமியின் கீழ்த்தாடையில் இடப்புறக் கடைவாய்ப் பல்லில் மிளகு நுழையும் அளவுக்குக் குழி இருந்தது. மூன்று மாதங்களாக மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வந்திருந்தார்கள். வேர்ச் சிகிச்சை (ரூட் கேனல்) செய்தால் அந்தப் பல் பிழைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அப்போது இருந்த மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசியும் பிடுங்கும் கருவியும் மட்டுமே இருந்தன; பல்லுக்கான எக்ஸ்ரே கருவியும் வேருக்குள் இறக்கும் மெல்லிய அரங்களும் இல்லை. நகரத்துக்குப் போய்ச் செய்துகொள்ளச் சொன்னேன். பேருந்துச் செலவையும், விட்டுப்போகும் கூலியையும், தனியார் மருத்துவமனையில் கேட்கக்கூடிய பல ஆயிரம் ரூபாயையும் அவர் மனத்துக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. “புடுங்கிருங்க சார்” என்றார். பிடுங்கினேன். அந்தச் சிறுமி வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் தன் குழந்தையுடன் என்னிடம் வந்தபோது, பின்னால் முளைத்த பல் அந்த இடைவெளிக்குள் சாய்ந்திருந்தது. மேல்தாடையில் அதற்கு எதிரே இருந்த பல், கடிபடத் துணை இல்லாமல் கீழே இறங்கியிருந்தது. இத்தனை காலமாக வலப்பக்கம் மட்டுமே மென்று சாப்பிடுவதாக அவர் சொன்னார்.

எட்டு, ஒன்பது வயதில் இந்தப் பல்லைத் திட்டமிட்டு எடுத்து, பின்னால் வரும் பன்னிரண்டு வயதுப் பல்லை அந்த இடத்துக்கு நகர்ந்துவர விடுவதும் சில நேரங்களில் சரியான சிகிச்சைதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் அது எக்ஸ்ரே பார்த்து, பல் சீரமைப்பு மருத்துவரோடு கலந்து எடுக்க வேண்டிய முடிவு. கருவி இல்லை, காசு இல்லை என்பதற்காக எடுக்கக்கூடிய முடிவு அன்று.

இந்தப் பல் மற்றவற்றை முந்திக்கொண்டு கெடுவதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. மெல்லும் பரப்பில் ஆழமான பிளவுகள் உண்டு. அவற்றில் பல, பல் துலக்கும் தூரிகையின் ஒரு நாரைக் காட்டிலும் குறுகலானவை. முளைக்கத் தொடங்கிய பல் முழு உயரத்துக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்ந்தே நிற்பதால் தூரிகை அதன்மேல் படாமலேயே கடந்துபோகிறது. பல்லின் வெளி அடுக்கான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளால் ஆனது. ஆனாலும் அமிலத்துக்கு முன் அது நிற்பதில்லை. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின்மேல் படிந்திருக்கும் படலத்தில் அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமல் தாதுவை இழக்கத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எனவே ஒரு நாளில் எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டிலும் எத்தனை முறை இனிப்பு என்பதே பல்லின் கதியைத் தீர்மானிக்கிறது. சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்ற பிள்ளையைவிட, ஒரே பாக்கெட் கிரீம் பிஸ்கட்டை மாலை முழுவதும் ஒவ்வொன்றாகக் கொறித்த பிள்ளையின் பல்லே அதிகம் கரைகிறது.

நம் ஊர்ப் பக்கம் இதைப் ‘பூச்சிப் பல்’ என்கிறோம். கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் புழு வெளியே விழும் என்று நம்பி, அதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொத்தைப் பல்லுக்குள் புழு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளே இருக்கின்றன. காத்திருந்த மாதங்களில் அவை நரம்பை நெருங்கிவிடுகின்றன.

சொத்தை எந்தக் கட்டத்தில் இருந்தாலும், அந்தக் கட்டத்துக்கு உரிய சிகிச்சை ஒன்று உண்டு. பல் முளைத்த புதிதில் அதன் பிளவுகளை ஒரு பூச்சால் மூடிவிட்டால் நுண்ணுயிரிகள் தங்க இடம் இருக்காது. ஊசி இல்லை, துளையிடல் இல்லை, சில நிமிட வேலை. எனாமலில் வெள்ளைத் திட்டாகத் தொடங்கும் சிதைவை ஃபுளோரைடு கலந்த பற்பசையாலும் பூச்சாலும் திரும்பக் கெட்டியாக்கலாம். குழி விழுந்துவிட்டால் அடைக்க வேண்டும். அதற்கும் மின்சாரமும் துளைக்கும் எந்திரமும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1980களில் தான்சானியாவில் வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு முறையில், கையால் பிடிக்கும் சிறு கருவிகளைக் கொண்டே சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடும். இந்த சிமெண்ட்டையும், சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற சொட்டு மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. சொட்டு மருந்து பட்ட சொத்தைப் பகுதி கறுத்துப்போகும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைவாய்ப் பல்லில் அது ஒரு பொருட்டன்று.

ஆழமான சொத்தையைக் கையாளும் முறையிலும் என் காலத்திலேயே பெரிய மாற்றம் வந்துவிட்டது. மென்மையாக எதுவும் மிஞ்சக் கூடாது, முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்றே எங்களுக்குக் கற்பித்தார்கள். அப்படிச் சுரண்டும்போது, பல்லின் நடுவில் உயிரோடிருக்கும் மென்மையான திசுவான பற்கூழ் திறந்துகொள்ளும். பிறகு வேர்ச் சிகிச்சை அல்லது பிடுங்கல் என்று போய்விடும். இப்போதோ, குழியின் ஓரங்களை முழுச் சுத்தமாக்கி, பற்கூழை ஒட்டிய அடித்தளத்தில் தோல் போன்ற மெல்லிய அடுக்கை அப்படியே விட்டு, காற்றும் நீரும் புகாதபடி மூட வேண்டும் என்பதே ஏற்கப்பட்ட முறை. உணவு கிடைக்காத நுண்ணுயிரிகள் உள்ளேயே ஓய்ந்துவிடுகின்றன.

இதற்கு அடிப்படையான அறிவை 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் எலிகளைக் கொண்டு காட்டினார்கள். எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்தபடியே விட்டார்கள். தின்ற தீனியும் அந்தத் துளைக்குள் போய் அடைந்தது. சாதாரண எலிகளின் பற்கூழ் செத்துச் சீழ் பிடித்தது. நுண்ணுயிரிகளே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளிலோ, அதே துளை, அதே தீனி இருந்தும் பற்கூழ் சாகவில்லை. காயத்தின் மேல் புதிதாகக் கெட்டித் திசுவைப் பாலம் போலக் கட்டி மூடிக்கொண்டது. திறந்துபோனதால் பற்கூழ் சாவதில்லை, நுண்ணுயிரிகள் புகுந்ததால்தான் சாகிறது என்று அதிலிருந்து விளங்கியது. நுண்ணுயிரியைத் தடுத்துவிட்டால் பல் தன்னைத் தானே காத்துக்கொள்ள முயலும் என்பதே நாங்கள் செய்யும் எல்லாச் சிகிச்சைக்கும் உயிர்நாடி.

மக்கள் ‘நரம்பு’ என்று சொல்லும் பற்கூழில் நரம்பு மட்டுமல்ல, இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் இருக்கின்றன. உடலின் வேறு எந்த இடத்தில் அழற்சி வந்தாலும் அது வீங்க இடம் உண்டு; பற்கூழைச் சுற்றிலும் இருப்பது அசையாத சுவர். அதனால்தான் பல் வலி மனிதரை அப்படிப் படுத்துகிறது. குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசிச் சில நொடிகளில் அடங்கினால், பற்கூழ் பெரும்பாலும் பிழைக்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தால், தொடாமலே வலித்தால், இரவில் படுத்ததும் தெறித்தால், மேல்பகுதிப் பற்கூழாவது கெட்டுவிட்டது என்று பொருள். பிறகு ஒரு நாள் வலி திடீரென்று நின்றுவிடும். நோயாளிகள் அதைக் குணமானதாக எண்ணி மகிழ்கிறார்கள். பற்கூழ் செத்துப்போனதால் நின்ற வலி அது. சில வாரங்களிலோ மாதங்களிலோ பல் ஈறில் ஒரு சிறு கொப்புளமாகவோ, கன்னத்தில் வீக்கமாகவோ நோய் திரும்ப வரும்.

வளரும் பிள்ளையின் பல்லில் இந்த வேறுபாட்டை அறிந்து நடப்பது மிக முக்கியம். ஆறு வயதில் முளைக்கும் இந்தப் பல்லின் வேர்கள் ஒன்பது, பத்து வயதில்தான் முழுமையடைகின்றன. அதுவரை வேரின் நுனி திறந்தே இருக்கும், சுவர்களும் மெல்லியவை. அந்தப் பருவத்தில் பற்கூழ் செத்தால் வேரின் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். ஆகவே கெட்டுப்போன மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வேர்களுக்குள் உயிரோடு இருக்கும் பகுதியைக் காப்பாற்ற வேண்டும். 1990களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தோராபினெஜாத் எம்.டி.ஏ. என்ற பொருளை உருவாக்கிய பிறகு இந்தச் சிகிச்சையின் பலன் வெகுவாகக் கூடியது. வீடு கட்டப் பயன்படும் போர்ட்லேண்ட் சிமெண்ட்டின் சுத்திகரிக்கப்பட்ட நெருங்கிய உறவுதான் அது. ஈரத்திலேயே இறுகும், பற்கூழுக்குத் தீங்கு செய்யாது, நுண்ணுயிரி புகாமல் அடைக்கும். வேர் முழுமையடைந்த பெரியவர்களின் பல்லிலும் இதே சிகிச்சை பலன் தருவதாகக் கடந்த பத்து ஆண்டுகளில் தொடர்ந்து தெரியவந்திருக்கிறது. பல வேளைகளில் ஒரே அமர்வில் முடியக்கூடிய, வேருக்குள் சுழலும் எந்திர அரங்கள் தேவைப்படாத இந்தச் சிகிச்சை, வட்ட அளவிலான மருத்துவமனைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைத் துறையினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பற்கூழ் முழுவதும் செத்துவிட்டால் மாத்திரையால் பயன் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செத்த பற்கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. விழுங்கிய மருந்து அங்கே போய்ச் சேர வழியும் இல்லை. மருந்துக் கடையில் வாங்கும் ஆன்டிபயாட்டிக் வெளியே பரவிய வீக்கத்தைச் சில நாள் அமர்த்தும், ஊற்றுக்கண் அப்படியே இருக்கும். பல்லுக்கே சிகிச்சை செய்ய வசதி இருக்கும்போது, காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல் வலிக்கு ஆன்டிபயாட்டிக் தர வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. அதே வேளையில், தாடைக்கு அடியிலும் நாக்குக்குக் கீழும் வீக்கம் பரவி, வாய் திறக்க முடியாமலும் விழுங்க முடியாமலும் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லுட்விக் ஆன்ஜைனா எனப்படும் அந்த நிலை மூச்சுக் குழலையே அடைத்து உயிரைக் கொல்லும்.

வேர்ச் சிகிச்சையைப் பற்றி மக்களிடம் இருக்கும் அச்சம் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாத பழைய அனுபவங்களிலிருந்து வருவது. சரியாகச் செய்தால் அது வலியைப் போக்கும் சிகிச்சை. பல்லை மரக்கச் செய்து, மேலிருந்து ஒரு வழி திறந்து, உள்ளே கெட்டுப்போனதை மெல்லிய அரங்களால் எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, வேரின் நுனி வரை அடைத்துவிடுகிறோம். மேல்தாடைப் பல்லுக்கு மூன்று வேர்கள், கீழ்த்தாடைப் பல்லுக்கு இரண்டு. வேர்க் கால்வாய்கள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. அவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலும் நோய் திரும்பும். அடைக்கப் பயன்படும் கட்டாபெர்ச்சா, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதுவே. வேலை நடக்கும்போது எச்சில் உள்ளே இறங்காமல் பல்லைத் தனிமைப்படுத்த ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு வேண்டும். சான்ஃபோர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1864இல் கொண்டுவந்த அந்த எளிய விரிப்பு இன்றும் பல இடங்களில் பயன்படுத்தப்படாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. விலை உயர்ந்த எந்திரத்துக்கு முன்னால் இதைத்தான் நான் கேட்பேன்.

இன்னொன்றையும் நோயாளிகள் மறந்துவிடுகிறார்கள். வலி நின்றதும், பல்லின் மேல் தொப்பி போல மாட்டும் உறையைப் போட வருவதில்லை. உள்ளே குடைந்து எடுக்கப்பட்ட கடைவாய்ப் பல், மேலே உறை இல்லாவிட்டால் முறுக்கையோ கடலை உருண்டையையோ கடிக்கும்போது வேர் வரை நெடுகப் பிளந்துபோகலாம். அதன் பிறகு யாராலும் அதைக் காப்பாற்ற முடியாது. இந்த இடத்தில் குற்றம் நோயாளியுடையது மட்டுமன்று. வேர்ச் சிகிச்சையை இலவசமாகச் செய்துவிட்டு, உறைக்கு வெளியே போகச் சொன்னால், பாதிப் பாலம் கட்டியதாகவே ஆகும். மேல்பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்ற அச்சமும் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. கண்ணுக்குச் செல்லும் பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. மேல்பல்லுக்குச் சிகிச்சை செய்வதால் பார்வை போவதில்லை.

பற்களைக் காக்கும் இந்தத் துறைக்கெனச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவும் பட்டமேற்படிப்பும் உள்ளன. அங்கே கற்றுத் தேர்ந்த இளம் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்படும் கருவிகள் அவர்கள் கற்றதற்கு ஈடாக இருக்க வேண்டும். பல்லுக்கான எக்ஸ்ரே, ரப்பர் விரிப்பு, கை அரங்கள், எம்.டி.ஏ. அல்லது அதை ஒத்த சிமெண்ட், உறை செய்துதரும் ஆய்வகத்தோடு ஓர் ஏற்பாடு ஆகியவை ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் இருந்தால், அந்தத் தாயைப் போன்றவர்கள் பேருந்துக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பிள்ளையின் பல்லை விட்டுக்கொடுக்க வேண்டியிராது. பிடுங்குவது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், காப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பது உண்மையே. வெளிநோயாளிகள் வரிசை நீண்டிருக்கும் காலை வேளையில் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது என்பதை அனுபவித்து அறிந்தவன் நான். எனவே வாரத்தில் இரண்டு பிற்பகல்களைப் பல் காக்கும் சிகிச்சைக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளிப் பரிசோதனைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற நடுவணரசுத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டிய குறைபாடுகளில் பல் நோயும் ஒன்று. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு ‘சொத்தைப் பல் உண்டு, இல்லை’ என்று எழுதிச் செல்வதோடு நிறுத்தாமல், முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் படிவத்தில் இந்த நான்கு பற்களுக்கும் நான்கு கட்டங்கள் ஒதுக்கி, முளைத்துவிட்டதா, நல்ல நிலையில் இருக்கிறதா, பிளவு மூட வேண்டுமா, அடைக்க வேண்டுமா என்று தனித்தனியே குறிக்க வேண்டும். பிளவு மூடும் பூச்சையும் கிளாஸ் அயனோமர் அடைப்பையும் பள்ளி வளாகத்திலேயே, ஒரு மேசையும் கைவிளக்கும் கொண்டு செய்துவிட முடியும். ஏழாம் வகுப்பில், பன்னிரண்டு வயதுப் பற்கள் முளைக்கும்போது, அதே படிவத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது சிறியது. ஐந்தரை வயது முதல் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிள்ளையை வாய் திறக்கச் சொல்லி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஏதும் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், இரவில் படுக்கும் முன் நீங்களே தூரிகையைக் குறுக்காக வைத்து அந்தப் பல்லின் மேல்பரப்பைத் தனியாகத் துலக்கி விடுங்கள்; பட்டாணி அளவு பற்பசை போதும். பல் முழுதாக வெளியே வந்ததும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் சென்று, பிளவுகளை மூடித் தரும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பல் மருத்துவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.